இருநூத்திப் பன்னண்டு கையெழுத்து

வாங்க அம்மணி, வாங்க. ஏன் வாசப்படியிலயே நிக்கறீங்க? செருப்பெல்லாம் கழட்ட வேண்டாமுங்க, இது ஆபீஸ்தானே. அந்த நாற்காலி வேண்டாம், அது ஒரு பக்கம் ஆடும். இதுல உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, ஏ.சி.யைச் சித்த கூட்டி வெக்கறேன். டீ சாப்பிடறீங்களா? மெஷின் இருக்குதுங்க, பட்டனை அமுக்குனா போதும், நானே போட்டுத் தர்றேன்.

அந்தப் பேப்பரை இப்பவே எடுத்துப் பாக்க வேண்டாம். மேசை மேலயே கெடக்கட்டும். ரெண்டே பக்கந்தானுங்க. 'பின்னல்' புரோகிராமோட இலவசப் பிரதியை இனி யாருக்கும் குடுக்க மாட்டேன், என்ற கிட்ட இருக்கறதையும் அழிச்சர்றேன்னு நீங்க எழுதிக் குடுக்கறீங்க. கீழ ஒரு கையெழுத்து. போட்டீங்கன்னா உங்களுக்கு வந்த நோட்டீஸை கம்பெனி திரும்ப வாங்கிக்கும். போடலைன்னா பெங்களூர்ல கேஸு. அதைப் பத்தி இப்ப எதுக்குங்க, மொதல்ல தண்ணியக் குடிங்க.

தாரணிதானே பேரு? உங்கப்பாவை எனக்குத் தெரியும். காலேஜ் ரோட்டுல காலர் மெஷின் ஓட்டிட்டு இருந்தாரே, அவர் பொண்ணுதானே நீங்க? நோட்டீஸ்ல அப்பா பேரைப் பாத்ததுமே எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. அதனாலதான் வக்கீல்கிட்ட விடாம நானே போன் போட்டு வரச் சொன்னேன். என்னை அந்தக் கம்பெனிக்காரன்னு நினைக்காதீங்க அம்மணி. நானும் உங்களாட்டம் இருந்தவன்தான். இன்னும் சொல்லப்போனா பின்னலை மொதமொதல்ல ஆரம்பிச்சதே இந்தச் சென்னியப்பன்தான். சிரிக்காதீங்க, நிசமாத்தான் சொல்றேன்.

பதினெட்டு வருசம் ஆச்சு. அப்ப டி-ஷர்ட்டுக்குக் காலர் பின்ற மெஷின் எல்லாம் வெளிநாட்டுல இருந்து வந்து எறங்குன நேரம். மெஷினை வாங்கிடலாம், ஆனா எந்த நூலு எந்த ஊசிக்குப் போகோணும்னு அதுக்குச் சொல்ற புரோகிராமைத் தனியா வாங்கோணும். அது மெஷின் வெலையில பாதி. சின்னப் பட்டறைக்காரன் எங்க போவான்? நான் அப்ப கம்ப்யூட்டர் சென்டர்ல பாடம் எடுத்துட்டு இருந்தேன். சாயங்காலமாப் பட்டறையில உக்காந்து, மெஷின் என்ன பேசுது, அதுக்கு என்ன பதில் சொல்லோணும்னு பாத்துப் பாத்து எழுதுனேன். ஆயிரத்து எண்ணூறு வரி. இன்னிக்குப் பின்னல் பெரிய மாளிகையாட்டம் நிக்குதுன்னா, அடியில கெடக்கற அஸ்திவாரம் அந்த ஆயிரத்து எண்ணூறு வரிதான். அதை உருவிட்டா மெஷின் ஒரு ஊசி கூட அசையாது. இது பெருமைக்குச் சொல்லலைங்க. பெருமைக்குந்தான் சொல்றேன், அதுல என்ன தப்பு?

அந்த வரிகளுக்கு மேல தலைப்புல நான் ஒண்ணு எழுதி வெச்சேன். "எடுத்துக்குங்க, திருத்திக்குங்க, அடுத்தவங்களுக்கும் குடுங்க. செ. சென்னியப்பன், திருப்பூர்." நீங்க பாத்திருப்பீங்களே? உங்க பிரதியிலயும் அது இருக்கோணுமே. இருக்குதா? அழிக்காம வெச்சிருக்கீங்களா! ரொம்ப சந்தோசமுங்க.

அப்பறம் திருமலைசாமி வந்து சேந்தாரு. அவரைப் பத்திச் சொல்லத்தான் உங்களை உக்கார வெச்சிருக்கேன். அவர் பேரு உங்களுக்குத் தெரியும். அவர் கையில இருந்துதானே நீங்க அந்தப் பிரதியை வாங்கியிருக்கீங்க? அவரு மெஷின் மெக்கானிக்குங்க. கையெல்லாம் கிரீஸு. எட்டாவதுக்கு மேல படிக்கலை. என்னைப் பாத்து எழுதக் கத்துக்கிட்டு, ரெண்டே வருசத்துல என்னை விட நல்லா எழுதுனாரு. என்னை விடன்னா, என்னை விட வேகமா. கோடு போட்ட காலரு, பூப்போட்ட காலரு, எழுத்து வர்ற காலரு, அத்தனையும் அவர் எழுதுனது. என்னை "சென்னி"ன்னுதான் கூப்புடுவாரு, நான் "திருமலை"ம்பேன். ஒருத்தர் ஊட்டுல ஒருத்தர் சாப்பிட்டு வளந்த பழக்கம். பொறகு அவரே சொந்தமா ஆறு காலர் மெஷின் போட்டுப் பட்டறை வெச்சாரு.

மாசம் ஒரு ஞாயித்துக்கெழம கூட்டம் போடுவோம். முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்துக் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலைச் சும்மா குடுப்பாங்க, பெஞ்சு இருக்குது, ஜெனரேட்டர் இருக்குது, வேற என்ன வேணும்? பட்டறைக்காரங்க, காலேஜ் பசங்க, மெக்கானிக்குங்க, ஆளுக்கு ஒரு லேப்டாப்பு. யாரு என்ன எழுதுனாங்களோ அதை எல்லாத்துக்கும் காட்டோணும். தப்பு கண்டுபுடிச்சவனுக்குத்தான் மொதத் தட்டு தக்காளி சாதம். அப்பிடி ஒரு கிறுக்குப் பழக்கம்.

பத்து வருசம் ஓடிச்சுங்க. யாருகிட்டயும் ஒரு காகிதம் கெடையாது. இதுக்கெல்லாம் எதுக்குக் காகிதம்னு இருந்துட்டோம்.

அப்பத்தான் கம்பெனி வந்துச்சு. ரெண்டு பேரு வந்தாங்க, நல்ல மரியாதையான ஆளுங்க. உங்க புரோகிராமை ஊர் ஊராக் கொண்டு போறோம், அதை வெக்கறதுக்குப் பெரிய கம்ப்யூட்டர் நாங்க தர்றோம், உங்க பத்தாவது வருசத்தை நோம்பியாட்டம் நாங்களே கொண்டாடறோம்னாங்க. மத்தியானம் வடை பாயாசத்தோட எலைச் சாப்பாடு. வந்தவங்களுக்கு எல்லாம் டி-ஷர்ட்டு. மாம்பழ நெறம், நெஞ்சுல 'பின்னல்'னு எழுதி, கீழ சின்னதா அவங்க பேரு. அதுலயும் பாருங்க, திருப்பூருக்கு டி-ஷர்ட்டு பெங்களூர்ல இருந்து லாரியில வந்து எறங்குது! நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம்.

டி-ஷர்ட்டு வாங்கறதுக்கு ஒரு நீளப் பேப்பரு. பேரு, ஊரு, பின்னலுக்கு என்ன எழுதிக் குடுத்தீங்க, தேதி, கையெழுத்து, டி-ஷர்ட் சைஸு. ஒரு பக்கத்துக்கு இருவத்தஞ்சு வரி. மேல ஒரு பத்தி இங்கிலீஸ்ல இருந்துச்சு.

படிச்சனுங்க. படிக்காம இருப்பனா? பாதி படிச்சேன். எழுதிக் குடுத்ததுக்கு எல்லாம் உரிமை கம்பெனிக்குன்னு வந்துச்சு. அது சும்மா ஒரு வழக்கத்துக்குன்னு கம்பெனி ஆளு சொன்னாரு. நானும் சரின்னுட்டேன். அதுக்குள்ள வரிசை வாசல் வரைக்கும் போயிருச்சு, பாயாசம் ஆறுது, எல்லாரும் "அண்ணா, அண்ணா"ங்கறாங்க. நான்தான் பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தருக்கா நீட்டிட்டே இருந்தேன். "சைஸை மட்டும் பாத்துப் போடுங்க, பொறகு மாத்தித் தர மாட்டாங்க"ன்னு எல்லாருக்கும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஒருத்தரைக் கூட விடலை. திருமலை எக்ஸெல் சைஸு போட்டாரு.

இருநூத்திப் பன்னண்டு பேரு. இருநூத்திப் பன்னண்டு கையெழுத்து.

இதுல ஒரு கூத்தைக் கேளுங்க. நம்ம பக்கம் விசேசத்துல முன்ன நிக்கறவன் கடைசிப் பந்தியிலதானே உக்காருவான்? நானும் அப்பிடித்தான் நின்னேன். எல்லாரையும் அனுப்பிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா, சாம்பாரு காலி, டி-ஷர்ட்டுப் பொட்டியும் காலி! எனக்கு ஒண்ணு மிச்சம் வெக்கோணும்னு ஒரு பாவிக்குத் தோணலை. திருப்பூர்ல பொறந்து, திருப்பூர்ல வளந்து, நான் ஆரம்பிச்ச புரோகிராமோட நோம்பிக்கு எனக்கு ஒரு டி-ஷர்ட்டு கெடைக்கலைங்க. இன்னிக்கு வரைக்கும் யாரும் குடுக்கலை. சின்ன விசயந்தான். ஆனா மனசுல நிக்குது.

சரி, அது போகட்டும். டீ ஆறப் போகுது, குடிங்க.

அடுத்த மாசமே கம்பெனி எனக்கு இந்த வேலையைக் குடுத்துச்சு. உங்களாட்டம் எழுதறவங்களை எல்லாம் அனுசரிச்சுப் போறதுதான் வேலை. மூணு வருசம் நல்லாத்தான் போச்சு. பொறகு ஒரு திங்கக்கெழம காத்தால, பட்டறையில மெஷினைப் போட்டவங்க எல்லாத்துக்கும் திரையில ஒரு பொட்டி வந்து நின்னுச்சு. இனிமேல் புது விதிமுறை, சம்மதமான்னு கேக்குது. சம்மதம்னு அமுக்குனாத்தான் மெஷின் ஓடும். அமுக்குனா, அதுல நீங்க புதுசாப் போடற டிசைனும் கம்பெனிக்குச் சேந்தது. வருசா வருசம் சந்தாவும் உண்டு. காத்தால ஆளு வந்து நிக்குது, நூலு ஏத்தியாச்சு, எவன் உக்காந்து படிப்பான்? எல்லாரும் அமுக்கிட்டாங்க.

திருமலை அமுக்கலை.

நேரா இங்க வந்தாரு. "சென்னி, இது நாம எழுதுனது. இவங்க யாரு நம்மகிட்டச் சம்மதம் கேக்கறதுக்கு?"ன்னாரு. நான் பொறுமையாத்தான் சொன்னேன், "திருமலை, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க"ன்னு. "டி-ஷர்ட்டுக்குத்தானப்பா போட்டேன்!"னாரு. அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்?

அவரு பழைய பிரதியைத் தன்ற கிட்ட வெச்சிருந்தாரு. அந்தப் பொட்டியெல்லாம் வராத பிரதி. அதைப் பென் டிரைவ்ல போட்டுக் கேட்டவங்களுக்கு எல்லாம் குடுத்தாரு. நான் எழுதுன அந்தத் தலைப்பை வேற எல்லாத்துக்கும் காட்டியிருக்காரு, "எடுத்துக்குங்க, அடுத்தவங்களுக்கும் குடுங்கன்னு போட்டிருக்குதல்ல"ன்னு. கம்பெனி கேஸு போட்டுச்சு. வக்கீலு என்ன சொன்னாரு தெரியுங்களா? அந்த வரி ஒரு வாய் வார்த்தையாட்டம், குடுத்தவன் எப்ப வேணாலும் திரும்ப வாங்கிக்கலாம்னாரு. எழுதுனவங்க அத்தனை பேரும் உரிமையை எங்களுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க, இப்பச் சொந்தக்காரன் நாங்க, குடுக்க மாட்டோம்னு சொல்றோம்னாரு. எங்கடா ஆதாரம்னு ஜட்ஜ் கேட்டதும், இருநூத்திப் பன்னண்டு கையெழுத்தையும் நகலெடுத்துக் குடுத்தாங்க. பக்கத்துக்குப் பக்கம் கோர்ட்டு சீலு குத்தி உள்ள போயிருச்சு. அசலு இந்தா, இந்தப் பச்சை பீரோவுலதான் இருக்குது. நம்பிக்கையான ஆளுன்னு என்ற பொறுப்புல விட்டிருக்காங்க.

திருமலை பத்தொம்பது தடவை பெங்களூர் போனாருங்க. ஒவ்வொரு தடவையும் காத்தால ரயிலு, மத்தியானம் வாய்தா, ராத்திரி திரும்பி வருவாரு. அவரு போனா பரவால்லை, கம்பெனி முந்நூறு பட்டறைக்கும் கடுதாசி போட்டுச்சு. திருமலைகிட்ட வாங்குன பிரதியில காலர் ஓட்டுனா நீங்களும் பிரதிவாதின்னு. அது போதாதா? எக்ஸ்போர்ட்காரங்க எந்தப் புரோகிராம்ல ஓட்டுனீங்க, எழுதிக் குடுங்கன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. வம்பு வேண்டாம்னு அவருக்கு ஆர்டரை நிறுத்துனாங்க. போனை எடுக்கறதில்லை. அவரு பட்டறைக்கு நான் ஒருநா போனேன். ஆறு மெஷினும் நூலு ஏத்துனபடியே நிக்குது, நூலு மேல தூசி. அவரு நடுவுல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காரு. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. நிசமாத்தான் சொல்றேன், படியெறங்கி வந்து வண்டிகிட்ட நின்னு அழுதேன். அப்பத்தான் முடிவு பண்ணுனேன், இந்த மனுசனை எப்பிடியாவது இதுல இருந்து வெளிய கொண்டாந்தர்றதுன்னு.

போன ஆடி மாசம் நான்தான் பேசிப் பேசி இங்க கூட்டிட்டு வந்தேன். நீங்க உக்காந்திருக்கறீங்களே, இதே நாற்காலிதான். இதே மாதிரி ரெண்டு பக்கம். மொதத் தடவை போடறப்ப பேனாவை அழுத்துன அழுத்துல பேப்பரு கிழிஞ்சு போச்சு. நான் கோவிச்சுக்கலை. வேற பேப்பரு எடுத்துக் குடுத்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு மூணு நகல் எடுத்துத்தான் வெச்சிருந்தேன்.

இப்ப நிம்மதியா இருக்காரு. சம்சாரத்தோட அண்ணன் பேக்கரியில மிக்சரு எடை போட்டுக் குடுத்துட்டு உக்காந்திருக்காரு. கம்ப்யூட்டரைத் தொடறதில்லை, கையில பழைய பட்டன் போனு. கண்ணுதான் கொஞ்சம் மங்கிருச்சு போல இருக்குது. நான் எதுக்க வந்தா தெரிய மாட்டீங்குது, ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயர்றாரு. கூப்புட்டாலும் காதுல விழுகறதில்லை. வயசாச்சுல்ல. ஆனா நிம்மதி. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வர்றேன்.

அவரு விட்டதை நீங்க எடுத்தீங்க. பென் டிரைவ்ல இருந்ததை இன்டர்நெட்ல போட்டுட்டீங்க. இப்ப இந்த ஊர்ல மட்டுமில்லை, ஈரோட்டுல, லூதியானாவுல எல்லாம் எடுத்து ஓட்டறாங்களாமா. கம்பெனி அதைப் பாத்துட்டுச் சும்மா இருக்குமா? உங்க பேர்ல ஒரு நோட்டீஸு, உங்கப்பா பேர்ல ஒண்ணு. உங்கப்பாவால பத்தொம்பது தடவை ரயிலு ஏற முடியுங்களா? நான் பயமுறுத்தலை அம்மணி. எனக்கும் பொண்ணு இருந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பேன். நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்.

என்னங்க? கேளுங்க, தாராளமாக் கேளுங்க.

என்ற பேரா? அந்த லிஸ்ட்டுலயா? என்ற பேரு எத்தனாவது வரியிலயா?

அட, மொத வரியா இருக்கும். இல்லீங்க, மொத வரி திருமலைன்னு நினைக்கறேன். இருங்க, காட்டியே தர்றேன். எல்லாருக்கும் காட்டறதில்லை, உங்களுக்குக் காட்டறேன். இந்தா, இதுதான் ஃபைலு. பாத்தீங்களா, எட்டு வருசம் ஆச்சு, ஒரு மூலை மடங்கலை. இது திருமலை, எக்ஸெல். இது பாலிடெக்னிக் பசங்க, எல்லாம் ஸ்மாலு, அப்ப ஒல்லிக்குச்சியா இருந்தானுங்க. இது ராக்கியாபாளையத்துல பட்டறை வெச்சிருந்தாரே, ரெண்டு எக்ஸெல். ரெண்டாம் பக்கம்... மூணு... சித்த இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன்.

அஞ்சாம் பக்கமும் இல்லை. கடைசிப் பக்கத்துல இருக்கும். நான்தான் கடைசியா நின்னனே.

இருநூத்திப் பத்து. பதினொண்ணு. பன்னண்டு.

இவன் பெருமாநல்லூர்ப் பையன். இவனுக்குக் கீழ காலியாக் கெடக்குது.

பந்தி பரிமாறுனவன் எங்கைங்க சாப்பிட்டான்? பேனா என்ற கையிலதான் இருந்துச்சு. எல்லாருக்கும் நீட்டுனேன், வாங்குனேன், நீட்டுனேன். டி-ஷர்ட்டு தீந்துருச்சுன்னதும் அந்தக் கோவத்துல பேப்பரைச் சுருட்டிக் குடுத்துட்டுப் போயிட்டேன். டி-ஷர்ட்டு இல்லாததுக்கு எதுக்குக் கையெழுத்து? அப்பிடித்தானே யாரும் நினைப்பாங்க?

இல்லீங்க, வேலைக்குச் சேர்றப்ப போட்டது வேற காகிதம். அதுல வேலைக்கு வந்த பொறகு எழுதறதுதான் கம்பெனிக்குன்னு இருக்குது. முன்னாடி எழுதுனதைப் பத்தி ஒண்ணுமில்லை. எனக்குத் தெரியும், எட்டு வருசமா இதையேதானே மத்தவங்களுக்குப் படிச்சுக் காட்டிட்டு இருக்கேன்.

அப்பிடின்னா அந்த ஆயிரத்து எண்ணூறு வரி...

நீங்க பேசாதீங்க அம்மணி, சித்த நேரம் பேசாதீங்க. நான் யோசிக்கோணும். நாற்காலியை இந்தப் பக்கமாப் போட்டுக்கங்க. மேல கேமரா இருக்குது. அது ஓடறதில்லைன்னுதான் சொன்னாங்க, இருந்தாலும் இப்பிடி வாங்க.

புரியுதுங்க, நீங்க சொல்றது புரியாம இல்லை. அஸ்திவாரம் இன்னும் என்ற பேர்லதான் இருக்குது. நான் குடுத்தது குடுத்ததுதான், திரும்ப வாங்கலைன்னு நான் போய் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க கேஸு நிக்காது. பட்டறைக்காரங்களுக்குப் போன கடுதாசி செல்லாது. திருமலை ஏமாந்து போட்டுக் குடுத்த அந்த ரெண்டு பக்கம் கூட... அவரு பேக்கரியில இருந்து எந்திரிச்சு வந்தரலாம். ஆறு மெஷினையும் வித்துட்டாருங்க. இருந்தாலும் வந்தரலாம்.

ஒரே வார்த்தைதான். சொல்றதுக்கு லேசா இருக்குதுங்க. சொல்லிட்டு நான் எங்க போவேன்? அவங்க திருமலையை என்ன பண்ணுனாங்கன்னு என்னை விட நல்லாத் தெரிஞ்சவன் யாரு? கடுதாசி எழுதுனதே நான்தானுங்க. முந்நூறு கடுதாசி. அட்ரஸும் நான்தான் குடுத்தேன். என்ற பையன் காலேஜ்ல ரெண்டாவது வருசம். பெங்களூர்ல புதுசா ஒரு பொண்ணு மேலதிகாரியா வந்திருக்குது, வீடியோவுலதான் வரும், சிரிச்சுக்கிட்டே ஆளை வேலையை விட்டு எடுத்துரும். போன மார்ச்சுல நாலு பேரு. எனக்குப் பயமா இருக்குதுங்க அம்மணி. நாப்பத்தொம்பது வயசுல இனி எந்தக் கம்ப்யூட்டர் சென்டர்ல போய்ப் பாடம் எடுப்பேன்?

இது வேற யாருக்காவது தெரியுங்களா? உங்கப்பாகிட்டச் சொன்னீங்களா? இல்லை, வந்து உக்காந்த பொறகுதான் தோணுச்சா? அப்பச் சரி. அப்ப நம்ம ரெண்டு பேருக்குள்ளதான்.

அந்தப் பேனாவை இப்பிடிக் குடுங்க. உங்க கைகிட்ட இருக்குதே, அதான்.

ஒண்ணுமில்லீங்க. விட்டுப் போனதைச் சேக்கறேன், அவ்வளவுதான். அன்னிக்குப் போட்டிருக்க வேண்டியதுதானே? போடக் கூடாதுன்னு நினைச்சா விட்டேன்? மறந்து போச்சு. மறந்ததை எழுதுனா அது தப்பாகாதுங்க. பாருங்க, இவ்வளவு வரி காலியா இருக்குது, எனக்குன்னே விட்டு வெச்சாப்பல. பேரு. ஊரு. என்ன எழுதிக் குடுத்தீங்க... 'மூலம்'னு போடறேன். தேதி அன்னிக்குத் தேதிதான். மேல இருக்கறதைப் பாத்து எழுதிக்கலாம். கையெழுத்து. 

சைஸு.

இப்பன்னா ரெண்டு எக்ஸெல் போடோணும், தொப்பையைப் பாருங்க. எட்டு வருசத்துக்கு முன்னாடி என்ன சைஸு? மீடியம். ஆமாங்க, மீடியம்தான். அப்பெல்லாம் எனக்கு மீடியம் கச்சிதமா இருக்கும்.

முடிஞ்சுது. இருநூத்திப் பதிமூணு. மையி காஞ்சா பழசோட பழசாப் போயிரும். இப்ப நீங்களும் போட்டுட்டீங்கன்னா ரெண்டு பேரும் நிம்மதியாப் போயி சோலியைப் பாக்கலாம். இந்தாங்க பேனா. நீங்க எதையும் பாக்கலை, நானும் எதையும் சொல்லலை. உங்கப்பாவுக்கு வந்த நோட்டீஸை நானே என்ற கையால கிழிச்சுப் போட்டர்றேன், போதுமா?

ஏன் எந்திரிக்கறீங்க? டீயைக் கூடக் குடிக்கலை. கையெழுத்துப் போடாமப் போனா எப்பிடிங்க? கோவமா? என்ற மேல கோவமா அம்மணி? நான் என்ன தப்புப் பண்ணிட்டேன், சொல்லுங்க. எட்டு வருசமா ஒரு டி-ஷர்ட்டு கூட வாங்காம உழைச்சவன் நானு.

கதவுகிட்டப் போய் நின்னுக்கிட்டு என்ன கேக்கறீங்க? கோர்ட்டுல எத்தனை கையெழுத்து இருக்குதுன்னா? அதான் அப்பவே சொன்னனே, இருநூத்திப் பன்னண்டு. ஒவ்வொரு பக்கமும் சீலு குத்தி, ஜட்ஜ் கையெழுத்தோட...

அம்மணி.

சித்த நில்லுங்க அம்மணி.